ஒட்டாத நோயும் ஊறும் எண்ணெயும்

தோல்நோய் உள்ள பெண்ணுக்கு நோயின் எரிவு ஒரு பங்கு என்றால், அயலவரின் பார்வை தரும் எரிவு மூன்று பங்கு. மீள்குடியேறிய கிராமங்களில் சங்கக் கூட்டங்களுக்குப் போகும்போது, கைகளைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு பின்வரிசையில் இருக்கும் சகோதரிகளை நான் காண்பதுண்டு.

யுத்தத்தில் கணவரை இழந்து, மிளகாய்த்தூள் இடித்து விற்று இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் அக்கா ஒருவரும் அப்படித்தான் இருந்தார். "பிள்ளை, என்ர கையால இடிச்ச தூளை இப்ப ஒருத்தரும் வாங்கினமில்லை. ஒட்டிப்போடுமாம்" என்றார். அவருக்கு இருந்தது சொறியாசிஸ். சித்த வைத்தியத்தில் இதைக் காளாஞ்சகப்படை என்பார்கள்.

இந்த நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டாது. நோயெதிர்ப்புச் சக்தி தடம்மாறித் தோலில் அழற்சியை உண்டாக்குகிறது. ஏறக்குறைய ஒரு மாதத்தில் புதுப்பிக்கப்பட வேண்டிய தோல் சில நாட்களிலேயே வளர்ந்து, செதிள் செதிளாக உதிர்கிறது. மனவுளைச்சல் அதைக் கூட்டும்.

அக்கா மஞ்சளையும் வேப்பிலையையும் தண்ணீர் விட்டு அரைத்துப் பூசிப் பார்த்திருந்தார். சுகம் வரவில்லை. மஞ்சளில் அழற்சியைத் தணிக்கும் குர்க்குமின் என்ற பொருள் இருப்பது உண்மைதான். ஆனால் அது தண்ணீரில் கரைவது மிக அரிது. எமது தோலின் மேற்படை கல்லுக் கட்டிய மதில் போன்றது. இறந்த கலங்கள் கற்கள் என்றால், இடையிலுள்ள கொழுப்பே சாந்து. தண்ணீரில் குழைத்த மஞ்சளின் பெரும்பகுதி மேலேயே நின்று நிறத்தை மட்டும் கொடுக்கிறது. கொழுப்பில் கரையும் பொருளுக்கு எண்ணெயே நல்ல வாகனம். எண்ணெய் காய்ந்த செதிளையும் இளக்கும்.

சித்த வைத்தியத்தில் இந்த நோய்க்குப் பூசும் வெட்பாலைத் தைலத்தில் இந்த முறையைக் காணலாம். இலைகளைத் தேங்காயெண்ணெயில் ஊறவிட்டு வெயிலில் வைப்பார்கள். சில நாட்களில் எண்ணெய் ஊதா நிறமாகும். அந்த இலையில் அவுரிச்சாயம் இருப்பதே காரணம். அவுரிச்சாயம் தரும் வேறு செடிகளிலிருந்து செய்த களிம்பைத் தாய்வானில் சொறியாசிஸ் நோயாளர் 42 பேருக்குப் பூசிப் பார்த்தார்கள். ஒரு பக்கத்தில் மருந்து சேர்த்த களிம்பும் மறுபக்கத்தில் மருந்தில்லாத களிம்பும் 12 கிழமைகள் பூசப்பட்டன. மருந்து பூசிய பக்கத்தில் 31 பேருக்குப் படை முற்றாக அல்லது பெரும்பாலும் மறைந்தது. இம்முடிவு 2008இல் வெளியானது.

அந்தக் களிம்பும் 12 கிழமை பூசப்பட்டதைக் கவனியுங்கள். மூன்றே நாளில் மாற்றும் "மூலிகைக் கிறீம்" என்று பெயர்ச்சீட்டு இல்லாத டப்பாவில் விற்பதை நம்பாதீர்கள். அக்காவும் அப்படியொன்றை வாங்கினார். உடனே மாறியது, நிறுத்தியதும் முன்னையைவிடக் கடுமையாக வந்தது. அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்கில் டொக்டர் அதைப் பார்த்துவிட்டு, ஸ்ரீரொயிட் கலந்திருக்கலாம் என்றார். ஸ்ரீரொயிட் தேவையான மருந்துதான். ஆனால் எவ்வளவு, எத்தனை நாள் என்பதை வைத்தியரே சொல்ல வேண்டும். அளவு மீறினால் தோல் மெலிந்துவிடும்.

சகோதரிகளே, வெடித்து நீர் வடியும் தோலில் பச்சிலை அரைத்துப் பூச வேண்டாம். எந்தத் தைலத்தையும் முதலில் முன்கையின் உட்பக்கத்தில் சிறிதளவு தடவி, ஓரிரு நாள் பொறுத்துப் பாருங்கள். படையோடு மூட்டு நோவும் வீக்கமும் இருந்தால் தாமதிக்காமல் கிளினிக்குக்குப் போங்கள். அங்கே பணம் கட்டத் தேவையில்லை. சித்த வைத்தியரிடம் தைலம் வாங்கினால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.

இந்த நோய் முற்றாக மாறாமலும் போகலாம். ஆனால் அடக்கி வைக்கலாம். அதற்கு மருந்து வைத்தியரிடம் இருக்கிறது. அந்தக் கையால் தரும் தேத்தண்ணியை வாங்கிக் குடிப்பது அயலவர்களாகிய எங்களிடம் இருக்கிறது.