குஞ்சின் கால் எலும்பு

பனிவாத்தைக் கூட்டமாகப் பிடிக்க ஆண்டில் ஓரிரு வாரந்தான் வாய்க்கும். ஜூலைக் கடைசியில் பெரிய பறவைகள் சிறகிறகுகளை உதிர்த்துவிட்டுப் பறக்க வழியின்றித் தரையில் திரியும். ஐந்து வாரக் குஞ்சுகளுக்கு இறகு இன்னும் முற்றியிருக்காது. அந்த நாட்களில்தான் கனடாவின் ஹட்சன் விரிகுடாக் கரையில், சர்ச்சில் ஊருக்குக் கிழக்கேயுள்ள லா பெரூஸ் விரிகுடாப் பக்கம், வளையமிடும் குழுவோடு போனேன்.

ஹெலிகாப்டர் தாழப் பறந்து, சிதறி மேயும் குடும்பங்களை ஒன்றுசேர்க்கிறது. கடைசித் தூரம் மனிதக் கால்களுடையது. கைகளை விரித்து, வாய் திறக்காமல், மெல்ல நெருங்க வேண்டும். அவசரப்பட்டால் குஞ்சுகள் மிதிபடும். கழிகளில் கட்டிய வலைப்பட்டிக்குள் கூட்டம் நுழைந்ததும் குஞ்சுகளைத் தனியே பிரித்துவிடுகிறார்கள். எல்லோரும் மண்டியிட்டு வேலை பார்க்க, ஒருவர் மட்டும் துப்பாக்கியோடு நின்று சுற்றிலும் பார்த்துக்கொண்டிருக்கிறார். பனிக்கரடி நடமாடும் கரை அது.

பறவையை அக்குளில் இடுக்கி, ஆணா பெண்ணா என்று பார்த்து, காலில் அலுமினிய வளையத்தைக் குறடால் அழுத்துகிறார்கள். வளையத்தின் இரு முனைகளும் இடைவெளியில்லாமல் ஒட்ட வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று ஏறவும் கூடாது. பழகிய கைக்கு அது ஒரே அழுத்தம். எனக்குக் கிடைத்தது எண்களைக் குறித்துக்கொள்ளும் வேலை. புதியவர் கையில் குறடைத் தராததை நியாயம் என்றே சொல்வேன்.

குஞ்சின் விரலிடைச் சவ்வில் நகக்கண் அளவு உலோகத் துண்டு தென்பட்டால் பட்டியே சுறுசுறுப்பாகிவிடும். ஜூனில், முட்டை பொரிந்த கூட்டிலேயே மாட்டியது அது. அந்தக் குஞ்சு பிறந்த நாள் தெரியும். அதனால் அதன் எடைக்கும் எலும்பு நீளத்துக்கும் மதிப்பு கூடுகிறது. பையில் போட்டு நிறுக்கிறார்கள். கணுவுக்குக் கீழுள்ள கால் எலும்பை வெர்னியரில் அளக்கிறார்கள். பிறக்கும்போது நூறு கிராம்கூட இல்லாத உயிர், ஐந்து வாரத்தில் ஒரு கிலோவைத் தாண்டியிருக்க வேண்டும். பெற்றோர் ஊட்டுவதில்லை, மேய்ச்சலுக்கு அழைத்துப் போவதோடு சரி. குஞ்சு தானே மேய்ந்து வளர்கிறது.

குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் பிரெட் குக் 1968இல் இங்கே ஆய்வைத் தொடங்கியபோது, ஒரே இனத்தில் வெள்ளையும் நீலச்சாம்பலுமாக இரு நிறங்கள் தலைமுறைகளில் எப்படி இறங்குகின்றன என்பதே அவருடைய கேள்வி. எலும்பளவு பின்னால் முக்கியமானது. ஆண்டுகள் போகப் போகக் குஞ்சுகள் சிறுத்துக்கொண்டே வந்தன. பரம்பரை மாற்றமோ என்றுகூடப் பார்த்தார்கள். 1991இல் வெளியான கட்டுரையில் அவருடைய குழுவினர் மேய்ச்சல் நிலத்தின் சீரழிவைக் காரணமாகச் சுட்டினார்கள். புதிய இடங்களுக்கு நகர்ந்த குடும்பங்களின் குஞ்சுகள் கனமாக இருந்தது அதை உறுதிப்படுத்தியது.

அந்த நிலம் ஒருகாலத்தில் வாத்து மேய மேயச் செழித்தது. உவர்ச் சதுப்பில் தரையோடு தரையாக வளரும் ஒரு புல், ஒரு குட்டைக் கோரை. இரண்டுதான் முக்கிய உணவு. வாத்தின் குடல் நாரைச் சரியாகச் செரிக்காது, தின்றது விரைவில் வெளியேறும். அதனால் குஞ்சுக்குப் புரதம் மிகுந்த இளந்தளிரே வேண்டும். நம் வயலில் ஆட்டுக்கிடை போட்டதுபோல் எச்சம் விழுந்து, கடித்த இடத்திலேயே மறுபடி தளிர்விட்டது. ராபர்ட் ஜெஃப்ரீஸ் போன்ற தாவரவியலாளர்கள் இதை அளந்தே காட்டினார்கள்.

கெடுதல் வந்தது தெற்கிலிருந்து. டெக்சஸ், லூசியானா நெல்வயல்களிலும் அமெரிக்க மத்தியப் பகுதியின் மக்காச்சோளக் கொல்லைகளிலும் உரம் போட்டு விளைந்து, அறுவடையில் சிந்திய தானியம் குளிர்காலம் முழுக்கக் கிடைத்தது. பெரிய வாத்துகள் சாகாமல் பெருகின. வசந்தத்தில் வடக்கே வந்திறங்கும் கூட்டம், தளிர் வருமுன்பே அலகால் மண்ணைக் கிளறி வேரோடு தின்றது. மேல் போர்வை போனதும் ஈரம் ஆவியாகி, அடியிலிருந்த உப்பு மேலேறியது. நான் நடந்த இடங்களில் பாசியும் காய்ந்த சேறும் செத்த வில்லோப் புதர்களும் இருந்தன. அங்கே வேலி போட்டு வாத்தை விலக்கிய துண்டு நிலங்களிலும் பல ஆண்டுகளாகப் புல் திரும்பவில்லை என்கிறார்கள்.

1999இல் அமெரிக்கா வசந்தகால வேட்டைக்கு வழிவிட்டது. வாத்துகளின் பெருக்கத்தைத் துப்பாக்கிகளால் எட்ட முடியவில்லை. ஒரு கண்டத்தின் உழவு முறை வளர்த்த கூட்டத்தை வேட்டைக்காரர்கள் குறைத்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையே எனக்கு வேடிக்கையாகப் படுகிறது.

சிறுத்த குஞ்சுகளில் முதல் ஆண்டைத் தாண்டுபவை குறைவு. தாண்டினாலும் உடல் சிறுத்தே நிற்கும். எளிய மாற்றுவழி இடம்பெயர்வதுதான். ஆனால் பெண் வாத்து தான் பிறந்த கரைக்கே திரும்பும் பழக்கமுடையது; பல தாய்கள் தாங்கள் வளர்ந்த மேய்ச்சலுக்கே குஞ்சுகளை நடத்திப் போயின. பழக்கத்தை விட்ட குடும்பங்கள் இப்போது விரிகுடாவைச் சுற்றியுள்ள தீபகற்பமெங்கும், உள்நாட்டு நன்னீர்க் கோரை வரை சிதறிக் கிடக்கின்றன. அதனால்தான் குழுவுக்கு ஹெலிகாப்டர் தேவைப்படுகிறது. மறுநாள் எங்கே வலை கட்டுவது என்று மாலையில் வரைபடத்தை விரித்துப் பேசினார்கள். குறித்த இடங்களில் ஒன்றுகூடப் பழைய விரிகுடாக் கரையில் இல்லை.