தகடு முறியும் சத்தம்

பவர் பிரஸ்ஸில் தகடு வெட்டுப்படுகிறது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அது பாதிதான் உண்மை. பஞ்ச் இறங்கும்போது தகட்டின் கனத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குவரை உள்ளே போகும், அதுவரைக்கும்தான் வெட்டு. அதற்கு மேல் மிச்சக் கனம் தாங்க முடியாமல் முறிந்து பிரிந்துவிடும். துண்டின் ஓரத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வழவழப்பாக ஒரு பட்டை, அதை ஒட்டிச் சொரசொரப்பாக இன்னொரு பட்டை இருக்கும். வழவழப்பு பஞ்ச் வெட்டியது, சொரசொரப்பு இரும்பு தானே முறிந்தது.

அந்த முறிவுக்கு ஒரு சத்தம் உண்டு. பஞ்சுக்குக் கீழே இருக்கும் அச்சான டை கூர்மையாக இருந்தால் சத்தம் சுருக்கமாக, தெளிவாக வரும். மழுங்க ஆரம்பித்தால் கனத்துப்போய், அதிர்வு தரை வழியாகப் பாதத்துக்கு ஏறும். ஓரத்தில் பர், அதாவது கூரான பிசிறு, வருகிறது என்று குவாலிட்டி ஆள் வந்து சொல்வதற்கு முன்பே மிஷினில் நிற்பவனுக்குத் தெரிந்துவிடும். இந்தக் காது வர வருஷங்கள் ஆகும். ஆனால் பல கம்பெனிகளில் பிரஸ் ஓட்டுகிறவனை இன்னும் 'ஹெல்பர்' கணக்கில்தான் வைத்திருக்கிறார்கள். பெடலை மிதிக்க என்ன திறமை வேண்டும் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்களே கேட்டிருக்கிறார்கள்.

பஞ்சுக்கும் டைக்கும் நடுவே விடும் கிளியரன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1 மி.மீ. இரும்புத் தகட்டுக்கு ஒரு பக்கம் 0.05 முதல் 0.08 மி.மீ. வரை விடுவார்கள், தலைமுடி கனம். அதை வைப்பது டை செட்டரின் வேலை. ஆனால் ஓட்டத்தில் அது நகர்ந்துவிட்டதா என்று கண்டுபிடிப்பவன் ஆபரேட்டர். துண்டின் ஓரத்தைச் சுற்றி விரல் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். சுற்றிலும் ஒரே மாதிரி தட்டுப்பட்டால் டை மழுங்கியிருக்கிறது, சாணை பிடிக்க அனுப்பலாம். ஒரு பக்கம் மட்டும் தட்டினால் டை நகர்ந்திருக்கிறது. அப்படியே ஓட்டினால் பஞ்ச் டையில் மோதி உடையும்.

டன் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். 2 மி.மீ. தகட்டில் 50 மி.மீ. துளை போட, வெட்டும் சுற்றளவை கனத்தால் பெருக்கினால் 314 சதுர மில்லிமீட்டர். சாதாரண இரும்புக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 35 கிலோ என்று வைத்தால் 11 டன் வரும். 10 டன் மிஷினில் அந்த டையை மாட்டச் சொன்னால் முடியாது என்று காரணத்தோடு சொல்ல இந்தக் கணக்கு போதும்.

இரும்பின் கனத்தைப் பேசும்போது எங்கள் ஊரின் பழைய கதையும் நினைவுக்கு வரும். எங்கள் ஊரான புள்ளலூரை வெளியூர்க்காரர்கள் அறிந்திருப்பது 1780 செப்டம்பர் 10 அன்று நடந்த போரால். ஹைதர் அலி, திப்பு படைகள் கர்னல் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை இங்கே முறியடித்தன. அந்தப் போரின் ஓவியம் ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இருக்கிறது. அந்தப் படைகளின் மைசூர் ராக்கெட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் என் மனம் அதன் இரும்புக் குழலுக்குப் போகும். காகிதக் குழல் தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கியதால்தான் அது அவ்வளவு தூரம் பறந்தது. குழலின் சுவர் ஒரு இடத்தில் மெலிந்தாலும் அங்கேதான் வெடிக்கும். அளவுக் கருவி அதிகம் இல்லாத காலத்தில், சுத்தியலால் அடித்தே அந்தக் கனத்தைச் சீராகக் கொண்டுவந்த கொல்லர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

1998-இல் எங்கள் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியது. அதைச் சுற்றியும் ஒரகடத்திலும் உதிரிபாகக் கம்பெனிகள் பெருகின. நடவும் அறுப்பும் மட்டும் தெரிந்திருந்த வீடுகளிலிருந்து பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறினார்கள். அவர்களில் சிலர் விரல் குறைந்து வீடு திரும்பினார்கள்.

அப்படி நடக்கும்போதெல்லாம் சொல்லப்படுவது ஒன்றுதான்: "கவனமா இருந்திருக்கணும்பா." இதை நான் ஏற்கவே மாட்டேன். தகட்டை வை, மிதி, எடு என்று வேலை ஓடும்போது காலும் கையும் ஒரு தாளத்துக்கு வந்துவிடும். தாளம் வந்தால்தான் டார்கெட் முடியும். அதே தாளத்தில்தான் ஒரு நாள் கை வெளியே வருவதற்குள் கால் மிதித்துவிடும். ஆபரேட்டரின் கவனம் தகட்டுக்கும் டைக்கும் சேர வேண்டியது. விரலைக் காப்பது மிஷினின் பொறுப்பு, மிஷினை வைத்திருப்பவரின் பொறுப்பு. ஆபத்தான பாகங்களுக்கு உறுதியான தடுப்பு வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே 21-ஆம் பிரிவில் சொன்னது.

எந்தத் தடுப்பு என்பதை கிளட்ச்சைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பழைய பின் கிளட்ச் பிரஸ்ஸில் ஃபிளைவீல் ஒரு முறை கிராங்கைப் பிடித்துவிட்டால் முழுச் சுற்று முடியாமல், பஞ்சைத் தாங்கி இறங்கும் ராம் நிற்காது. எமர்ஜென்சி பட்டனை அழுத்தினால் மோட்டார் நிற்கும். சக்கரத்தில் சேர்ந்திருக்கும் வேகம் அடியை முடித்துவிடும். அங்கே, கை குறுக்கிட்டால் மிஷினை நிறுத்தும் லைட் கர்ட்டன் மாட்டிப் பயனில்லை. விரல் நுழையாத கூண்டு வேண்டும், துண்டை வைக்க இடுக்கியோ காந்தக் கைப்பிடியோ வேண்டும். ஏர் கிளட்ச் பிரஸ் பாதியில் நிற்கும், அதற்கு லைட் கர்ட்டன் சரி. ஆனால் தூரம் முக்கியம். இவ்வளவு நெருக்கத்தில் கை நொடிக்கு 2000 மி.மீ. வேகத்தில் நீளும் என்று சர்வதேசத் தரநிலைகள் கணக்கு வைக்கின்றன. ராம் நிற்க 0.2 நொடி ஆகும் என்றால், கர்ட்டன் டையிலிருந்து குறைந்தது 400 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். வேலைக்கு வசதி என்று நெருக்கி மாட்டுகிறவர்கள் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

வடக்கே குருகிராமம், மனேசர் வட்டாரத்தில் 'சேஃப் இன் இந்தியா' அமைப்பு 2019 முதல் வெளியிடும் அறிக்கைகளும் வாகன உதிரிபாகக் கம்பெனிகளில் கை நசுங்கும் விபத்துகளில் பவர் பிரஸ்ஸுக்கே பெரும்பங்கு என்று காட்டுகின்றன. நசுங்கிய விரலுக்கு அட்டவணை இருக்கிறது. இழப்பீட்டுச் சட்டத்தின்படி கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு, ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டுவிரலோ 7. எலும்பு போகாமல் ஆள்காட்டி விரல் நுனி மட்டும் போனால் 5. பர்ரைத் தடவிப் பார்ப்பது அந்த நுனிதான். அது இல்லாதவன் பிரஸ்ஸில் நின்றாலும் பாதி ஆபரேட்டர்தான். அந்த இழப்பு 5 சதவீதத்தில் அடங்காது.

என்னோடு பஸ்ஸில் வரும் ஐடிஐ தம்பிகளிடமும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஒப்பந்தத்தில் நிற்கும் பிள்ளைகளிடமும் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான். ஷிஃப்ட் தொடங்கியதும் டையில் எதையும் வைக்காமல் ஒரு அடி அடித்துப் பாருங்கள். ஒரு முறை மிதித்ததற்கு ராம் இரண்டு முறை இறங்கினால் மெயினை அணைத்துவிட்டு மெயின்டனன்ஸைக் கூப்பிடுங்கள், அவர்கள் சரிசெய்து முடிக்கும்வரை மிஷினைத் தொடாதீர்கள். இரண்டு கையாலும் அழுத்த வேண்டிய பட்டன்களில் ஒன்றை யாராவது டேப் ஒட்டி அமுக்கி வைத்திருந்தால் பிரித்து எறிந்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். டைக்குள் துண்டு சிக்கிக்கொண்டால் மோட்டாரை அணைத்து, ஃபிளைவீல் முழுதாக நிற்கும்வரை காத்திருந்து, ராமுக்கு அடியில் சேஃப்டி பிளாக் வைத்த பிறகுதான் கையை நீட்ட வேண்டும், சூப்பர்வைசர் பக்கத்தில் நின்று எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.