மலைச்சாரலின் அச்சமும் இரண்டு துளி எண்ணெயும்

உடல் நோய்க்கு மருந்து தேடுவது போலவே மனக் கலக்கத்துக்கும் மருந்து தேடுவது மனித இயல்பு. ஊவா மலைச்சாரலில் பிறந்தோர்க்கு இத்தேடல் புதியதன்று. பயந்த பிள்ளைக்குத் திருநீறு போடுவதும், உறக்கமற்றவரின் தலையில் நல்லெண்ணெய் வைத்துத் தேய்ப்பதும், உழைத்துக் களைத்தவர் கசிப்பிலே மறதியைத் தேடுவதும் எமது லயங்கள் கண்ட வைத்தியங்களே. இவ்வரிசையில் இன்று புதிதாக ஒன்று வந்து சேர்ந்துள்ளது. கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்படும் கன்னாபிடியோல் என்னும் பொருள், கவலையைப் போக்கும், உறக்கம் தரும், பொதுவான உடல்நலம் பேணும் என்ற விளம்பரத்தோடு மேலைநாடுகளில் எண்ணெயாகவும் மிட்டாயாகவும் விற்பனையாகின்றது. சி.பி.டி. என்பது அதன் சுருக்கப் பெயர்.

எனக்கு இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. அப்புத்தளைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் வாழும் என் அம்மாவுக்கு மழை இரவுகளில் உறக்கம் வருவதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிய செய்தி கேட்ட நாள்முதல் இந்நிலை. கூரைத் தகரத்தில் மழை விழும் ஓசை கேட்டதும் எழுந்து அமர்வார். அடையாள அட்டைகளும் பிறப்புச் சான்றிதழ்களும் அடங்கிய பையை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை காத்திருப்பார். கனடாவிலுள்ள மாமா மகன் இதனைக் கேள்வியுற்று, "மச்சான், அத்தைக்கு ஒரு போத்தல் அனுப்புகிறேன். நாக்கின் கீழே இரண்டு துளி விட்டாற் போதும், நன்றாகத் தூங்குவார்" என்றார். "நீ படித்த பிள்ளை, நீ சொன்னால் குடிக்கிறேன்" என்றார் அம்மா. கலைப்பீட மாணவனாகிய என்னிடம் மருத்துவ வினாவொன்றுக்கு விடையிறுக்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது.

நூலகத்திலே தேடிக் கற்றவை இவை. 1940இல் அமெரிக்க இரசாயன அறிஞர் ரொஜர் அடம்ஸ் இப்பொருளைப் பிரித்தெடுத்தார். 1963இல் இஸ்ரேலிய அறிஞர் ரபாயேல் மெக்கூலமும் அவர்தம் சகாக்களும் அதன் கட்டமைப்பைத் தெளிவாக்கினர். மறு ஆண்டிலே அதே செடியில் மயக்கந்தரும் டி.எச்.சி. என்னும் பொருளையும் பிரித்து இனங்கண்டனர். சி.பி.டி. அத்தகைய மயக்கம் தருவதன்று. 2011இல் பிரேசில் நாட்டிலே, சபையில் பேச அஞ்சும் 24 நோயாளரை ஆராய்ந்தபோது, 600 மில்லிகிராம் உட்கொண்டோர் வெறும் மாத்திரை பெற்றோரிலும் குறைவாகவே அஞ்சினர். 2019இல் வெளியான மற்றோர் ஆய்வில் 150, 300, 600 மில்லிகிராம் அளவுகள் ஒப்புநோக்கப்பட்டன. 300 மில்லிகிராம் மாத்திரமே பயனளித்தது. எனவே இது முழுப் பொய்யன்று. ஆயின், 2018இல் அமெரிக்க அரசு இதனை மருந்தாக ஏற்றது அரிய வலிப்பு நோய்களுக்கேயன்றிக் கவலைக்கன்று.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 1,000 மில்லிகிராம் அடங்கிய 30 மில்லிலீற்றர் போத்தலில் ஒரு துளிக்கு இரண்டு மில்லிகிராமும் தேறாது. மச்சான் கூறிய இரண்டு துளி, ஆய்வாளர் கொடுத்த அளவில் நூற்றிலொரு பங்களவே. அன்றியும், 2017இல் அமெரிக்காவில் இணையவழி விற்ற 84 பொருள்களைச் சோதித்தபோது, ஏறத்தாழ மூன்றிலொன்றே ஒட்டிய சீட்டுக்கு ஒத்த அளவைக் கொண்டிருந்தது. 18 பொருள்களில் டி.எச்.சி.யும் கலந்திருந்தது. அம்மாவோ இதய வால்வு நோய்க்காக வார்பரின் மாத்திரை உட்கொள்பவர். அம்மாத்திரையைச் சிதைக்கும் ஈரல் நொதியங்களைச் சி.பி.டி. தடுப்பதால், குருதி உறையாது பெருகும் ஆபத்துண்டு. இரண்டு துளியால் பயனில்லை. பயன்தரும் அளவு கொடுத்தாலோ உயிருக்கு இடர்.

இச்செடி ஊவாவுக்கு அந்நியமானதுமன்று. மொனராகலை மாவட்டத்துத் தணமல்வில, வெல்லவாயக் காடுகளில் அது கள்ளத்தனமாகப் பயிராவதையும், பொலிசார் அதனைப் பிடுங்கி எரிப்பதையும் யாவரும் அறிவர். சுதேச வைத்தியம் அதனைத் திரிலோக விஜயபத்ர எனப் போற்றுகின்றது. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் வைத்தியர்க்கு வழிவிட்டாலும், அனுமதியற்றோர் அதனை வைத்திருத்தல் குற்றமே. "வெள்ளைக்காரனே மருந்து என்கிறான்" என்று தோட்டத்து இளைஞர் சிலர் கூறக் கேட்டிருக்கிறேன். அவர்கள் புகைப்பது அவ்வெண்ணெயன்று, டி.எச்.சி. மிகுந்த இலை. அச்சத்தைத் தணிப்பதற்குப் பதிலாக அது அச்சத்தைப் பெருக்கவும் கூடும்.

போத்தல் வேண்டாமென மச்சானுக்கு அறிவித்துவிட்டு, அம்மாவைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றேன். சிங்கள வைத்தியரின் வினாக்களை நானே தமிழாக்கினேன். "மழை பெய்யாத இரவிலே தூங்குவீர்களா?" என அவர் வினவினார். "நன்றாகத் தூங்குவேன் ஐயா" என்றார் அம்மா. வைத்தியர் சிறிது நேரம் மௌனமாயிருந்தார். பின்னர், மூச்சை மெல்ல இழுத்து விடும் பயிற்சியைக் கற்பித்து, "வீட்டுக்குப் பின்னால் உள்ள மலையில் வெடிப்பு உண்டா என்று பாருங்கள்" என்று என்னிடம் கூறினார்.

அவ்வினா என் சிந்தனையைத் திருப்பியது. அம்மாவின் அச்சத்தில் நோயும் உண்டு, அறிவும் உண்டு. மீரியபெத்தை ஆபத்தான இடமெனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. மக்களோ அங்கேயே இருக்க நேர்ந்தது. அச்சரிவைக் கண்டவர் மழை இரவில் விழித்திருப்பது பேதைமையாகாது. அவ்விழிப்பை மாத்திரம் மருந்தால் மயக்கிவிட்டு மலையை அப்படியே விட்டுவிடுவது நல்வாழ்வாகுமா? அதற்காக மனநோய்க்கு மருந்தே வேண்டாமென்பது என் கருத்தன்று. மழையிலும் வெயிலிலும் கலங்குவோர் வைத்தியரை நாடுதல் வேண்டும். 1926 என்னும் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கத்தை நாடுவதிலும் நாணமில்லை. ஆனால் லயத்து மக்களின் பொதுவான உடல்நலம் போத்தலில் வருவதன்று. சரியாத நிலத்தில் அமைந்த வீட்டிலும், அவர்தம் மொழியிலே பேசும் வைத்தியத்திலும் தங்கியுள்ளது. பல்கலைக்கழகம் புகுந்த நாம் அவ்விரண்டையும் அவர்களுக்காகக் கேட்பதோடு, அவர்கள் கைக்கு வரும் ஒவ்வொரு போத்தலின் சீட்டையும் தமிழில் வாசித்துக் கூறவும் கடமைப்பட்டுள்ளோம்.