பத்தடிப் படச்சுருள்

ஹிரோஷிமாவைப் பற்றி இன்று நமக்குக் கிடைக்கும் படச்சுருள்கள் அனைத்தையும் ஒருவர் பொறுமையோடு உட்கார்ந்து பார்த்து முடித்தாலும், 1945 ஆகஸ்ட் 6ஆம் தேதி அந்நகரத்துத் தெருக்களில் நடந்தது இன்னதென்று காட்டும் சலனப்படம் ஒன்றைக்கூட அவர் காணப்போவதில்லை. ஆகாயத்திலிருந்து எடுத்தது உண்டு. குண்டு போட்ட விமானத்துக்குத் துணையாகப் பறந்த இன்னொரு விமானத்திலிருந்து, ஹரால்ட் ஆக்னியூ என்ற விஞ்ஞானி, திரண்டெழும் புகைமண்டலத்தைச் சிறு காமிராவில் பிடித்து வைத்தார். கீழே மனிதர்களுக்கிடையில் நின்றவர் யோஷிட்டோ மட்சுஷிகே என்னும் பத்திரிகைப் புகைப்படக்காரர். 24 படங்களுக்குப் போதுமான சுருள் கைவசம் இருந்தும், மியூகிப் பாலத்தருகே தோல் உரிந்து ஒண்டியிருந்த ஜனங்களின் எதிரில் காமிராவை உயர்த்த மனம் துணியாமல் நெடுநேரம் தயங்கிய அவர், அன்று முழுதும் அலைந்து எடுத்தவை 7; தேறியவை 5. யுத்தப் படங்களிலே பீரங்கிகளும் விமானங்களும் அணியணியாய் வந்து கண்ணைச் சலிப்படையச் செய்த பிறகு, தயங்கிய ஒரு மனிதர் எடுத்த இந்த ஐந்தையும் பார்க்கும்போதுதான், படம் எடுப்பவனுக்கும் நாணம் என்பதொன்று உண்டு என்று எனக்குத் தோன்றியது.

சலனப்படத்தின் விருத்தாந்தம் செப்டம்பரில் ஆரம்பமாகிறது. யுத்தகாலம் முழுவதும் அரசாங்கத்தின் செய்திப்படங்களைத் தயாரித்து வந்த நிப்பன் எய்காஷா என்னும் ஸ்தாபனமே, தோல்விக்குப் பின் ஹிரோஷிமாவுக்கும் நாகசாகிக்கும் படப்பிடிப்பாளர்களை அனுப்பியது. அப்பணிக்குத் தலைமை வகித்த அகிரா இவசாகியின் வாழ்க்கையோ விசித்திரமானது. சினிமாவை யுத்தத்தின் ஏவலாளாக்கிய 1939ஆம் வருஷத்துத் திரைப்படச் சட்டத்தை எதிர்த்து எழுதிய குற்றத்துக்காகச் சிறைக்குச் சென்ற விமர்சகர் அவர். எந்த இயந்திரத்தைக் கண்டித்துச் சிறையில் இருந்தாரோ, அதே இயந்திரம் இப்போது அவர் கைக்கு வந்தது.

விஞ்ஞானிகளையும் உடன்வைத்துக்கொண்டு அவர்கள் எடுத்தது புலம்பல் அன்று, ஆராய்ச்சிக் குறிப்பு. பாலமொன்றின் கைப்பிடிச் சுவர் தரையில் பதித்துச் சென்ற நிழல்களின் திசையை அளந்து, அத்திசைகள் எங்கே சந்திக்கின்றன என்று நிர்ணயித்து, அவ்விடத்துக்கு நேர் மேலே ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் குண்டு வெடித்தது என்று கணக்கிடுகிறார்கள். மின்கம்பத்தின்மீது இலையொன்றின் நிழல் நரம்போடு பதிந்திருக்கிறது. செடியும் கல்லும் மனிதத் தோலும் ஒரே அளவுகோலுக்கு உட்படுகின்றன. வாத்திய இசையும் தழுதழுத்த குரலும் சேர்த்து என்னைக் கலங்கவைத்த படங்கள் எத்தனையோ உண்டு. அவை வீடு திரும்புவதற்குள் மறந்துபோயின. உணர்ச்சி காட்டாத இந்தப் படமோ இன்னும் என்னை விட்டபாடில்லை. நமக்காக அழுதுதீர்க்க அதிலே யாரும் இல்லை என்பதுதான் காரணமோ என்னவோ.

அக்டோபரில், நாகசாகியில் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒருவரை அமெரிக்க ராணுவப் போலீஸார் பிடித்து நிறுத்தினர், வேலை தடைபட்டது. பிறகு, அச்சேதத்தின் தன்மை தங்களுக்கே பிரயோஜனமாகும் என்று கண்ட அமெரிக்க அதிகாரிகள், தங்கள் மேற்பார்வையில் அதை முடிக்கும்படி உத்தரவிட்டார்கள். 1946இல் ஏறத்தாழ 2 மணி 45 நிமிஷம் ஓடும் படமாக அது பூர்த்தியானதும், மூலச்சுருள் முதல் வெட்டித் தள்ளிய துண்டுகள் வரை அனைத்தையும் ஒப்படைக்கவேண்டும் என்பது கட்டளை. அகப்பட்டால் என்ன நேரும் என்பதை அறிந்தே, இவசாகியும் நண்பர்கள் சிலரும் ஒரு பிரதியை ஒளித்து வைத்தனர்.

அதே வருஷத்தில் அவர் வேறொரு காரியமும் செய்தார். அரசாங்கம் வெற்றி முழக்கத்துக்காக எடுத்துக் குவித்த பழைய செய்திப்படங்களையே வெட்டி ஒட்டி, யுத்தத்துக்குப் பொறுப்பாளிகள் யார் என்று வினவும் ‘நிஹோன் நோ ஹிகெகி’ என்ற படத்தை ஃபுமியோ கமேய் இயக்க, இவசாகி தயாரித்தார். ராணுவ உடையில் நிற்கும் சக்கரவர்த்தி கண்ணெதிரிலேயே கோட்டும் டையும் அணிந்த சாதுவாக உருமாறும் காட்சியொன்று அதில் உண்டு. புதிதாக ஒரு காட்சியையும் புனையாமல், கத்தரிக்கோலால் மட்டும் இவ்வளவு பேச முடிந்தது. பிரதமர் ஷிகேரு யோஷிடா பார்த்துவிட்டு ஆட்சேபித்தார். தணிக்கையில் தேறியிருந்த படத்தை அமெரிக்க ஆதிக்கம் ஆகஸ்ட் மாதத்தில் தடைசெய்தது. சக்கரவர்த்தியின் அரசு இவசாகியைச் சிறையிட்டது. ஜனநாயகத்தைப் போதிக்க வந்தவர்கள் அவருடைய படங்களைச் சிறையிட்டார்கள்.

அணுகுண்டுப் படத்தின் பிரதி ஒன்று ஜப்பானிய அரசாங்கத்துக்குத் திரும்பி வந்தது 1967இல். கல்வி அமைச்சு அதைப் பொதுஜனங்களுக்குக் காட்டியபோது, பாதிக்கப்பட்டவர்களின் கௌரவத்தை உத்தேசித்து என்று சொல்லி, மனித உடல்கள் தோன்றும் பகுதிகளை நீக்கிவிட்டது. கல்லும் இரும்பும் எஞ்சின. அமெரிக்காவிலே கொலம்பியா சர்வகலாசாலைப் பேராசிரியர் எரிக் பார்னோ இதற்கு நேர் எதிரான வேலையில் இறங்கி, நீண்ட படத்தில் மனிதர்களைத் தேடித் தேடித் திரட்டி, 1970இல் 16 நிமிஷப் படமாக்கினார். நான் முதலில் பார்த்தது அதைத்தான்.

இது கறுப்பு வெள்ளைப் படத்தின் கதை. 1946இல் டேனியல் மக்கவர்ன், ஹெர்பர்ட் சஸன் என்னும் ராணுவத்தார் வர்ணத்திலே எடுத்த சுருள்கள் வேறாக உண்டு. அவையும் பல ஆண்டுகள் பூட்டிக்கிடந்தன. அவை அமெரிக்க ஆவணக் காப்பகத்தில் விலைக்குக் கிடைக்கும் என்று தெரிந்ததும், 1980இல் ஜப்பானியக் குடிமக்கள் ஓர் இயக்கம் தொடங்கினர்: ஆளுக்கு 3,000 யென் கொடுத்தால் 10 அடி வாங்கலாம். 16 மில்லிமீட்டர்ச் சுருளில் 10 அடி என்பது 400 சட்டங்கள். திரையில் 17 விநாடிகூட ஓடாது. தம் பங்குக்கு வந்தது இடிந்த சுவரா, பிழைத்த குழந்தையா என்பது கொடுத்தவருக்குத் தெரியாது.

அவ்வாறு திரும்பிய சுருள்களில், முதுகு முழுவதும் வெந்து சிவந்து, குப்புறக் கிடக்கும் ஒரு சிறுவன் வருகிறான். நாகசாகியில் சைக்கிளில் தபால் பட்டுவாடா செய்துகொண்டிருந்தபோது, 16 வயதில் எரிந்த சுமிதேரு தானிகுச்சி அவர். 1 வருஷம் 9 மாதம் அப்படியே குப்புறப் படுத்திருந்தவர். 2010இல் நியூயார்க்கில், அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்த மகாநாட்டில், முதியவராகிவிட்ட தானிகுச்சி அந்த முதுகின் படத்தை இரு கைகளாலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, தாம் பரிசோதனைப் பிராணியும் அல்ல, காட்சிப்பொருளும் அல்ல என்று சொல்லிவிட்டு, ஆயினும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் தம்மை இன்னொரு முறை பார்க்கும்படி சபையோரைக் கேட்டுக்கொண்டார்.