லோக்கல் ரயிலில் ஒரு நாடி வைத்தியர்

டோம்பிவிலியிலிருந்து மும்பை சி.எஸ்.எம்.டி. சுமார் 48 கி.மீ. விரைவு லோக்கலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். பெண்கள் பெட்டியில், மூவருக்கான சீட்டில் நான்காவதாக ஒண்டிக்கொள்ள இடம் கிடைத்தாலே அது நல்ல நாள். அந்த அரை சீட்டில்தான் 49 வயது காப்பீட்டு நிறுவன ஊழியர் ஒருவர் மறுபடி நாவல் படிக்கத் தொடங்கினார்.

கும்பகோணத்தில் கல்லூரி நாட்களில் வாரத்துக்கு இரண்டு நாவல் முடித்தவர். 1998இல் கல்யாணம், மும்பை. பிறகு குழந்தைகள், அலுவலகத் தேர்வுகள், வீட்டுக் கடன். கடைசியாக முழுதாகப் படித்த நாவல் எது என்று மகள் கேட்டபோது பதில் வரவில்லை. அது உறுத்தியது.

முதல் முயற்சி எல்லோரும் செய்கிற தவறுதான். ஒரே நாளில் ஐந்து புத்தகங்கள் வாங்கினார். இரவு பத்தரைக்குப் பாத்திரம் கழுவி முடித்துவிட்டுப் படுக்கையில் பிரித்தால் மூன்றாம் பக்கத்தில் தூக்கம். மறுநாள் அதே மூன்று பக்கம். இரண்டு மாதத்தில் ஐந்தும் பீரோ மேல் போயின. படிக்கும் ஆசை போய்விட்டது என்றே நினைத்தார். போனது ஆசையல்ல, விழித்திருக்கும் நேரம்.

அதனால் ரயில். செல்போனைப் பையின் அடியில், டிபன் டப்பாவுக்குக் கீழே போட்டுவிடுவார். எடுக்க வேண்டுமானால் பக்கத்து சீட்காரரையும் எழுப்ப வேண்டும். (சோம்பலும் சில சமயம் உதவும்.) மாலை ரயில் ஒத்துவரவில்லை. சுற்றிலும் பட்டாணி உரிப்பு, வெந்தயக்கீரை ஆய்தல், அரட்டை. அதில் கலந்துகொள்ளாமல் இருக்க முடியுமா?

எடுத்த புத்தகம் தாராசங்கர் பந்தோபாத்யாயாவின் ‘ஆரோக்கிய நிகேதனம்’. 1956இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்ற வங்க நாவல், தமிழாக்கம் த.நா. குமாரசாமி. நாடி பிடித்து மரணத்தை முன்கூட்டியே அறியும் கிராமத்து வைத்தியர் ஜீவன் மஷாயின் கதை. முதல் வாரம் நகரவே இல்லை. வங்கப் பெயர்கள் குழம்பின. யார் யாருக்கு என்ன உறவு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவைத்துக்கொண்டார். மூன்றாம் வாரம் தாதரில் இறங்க வேண்டியவர் பைகுல்லா வரை போய்விட்டார். அலுவலகத்துக்குத் தாமதம். வெட்கமாகத்தான் இருந்தது, உள்ளூர சந்தோஷமும்.

புத்தகத்தை வீட்டில் கவனித்தவர் மாமனார். 83 வயது. இதயம் பலவீனம், கண் மங்கல். டாக்டர்கள் இனி மாத்திரைதான் என்று சொல்லிவிட்டார்கள்.

“ஜீவன் மஷாயா? நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல படிச்சதும்மா. எங்க நிறுத்தியிருக்கே? அங்கேருந்தே படி.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் உரக்கப் படிப்பது வழக்கமாயிற்று. ஒரு ஞாயிறு, வைத்தியர் தன் மகனின் நாடியிலேயே சாவை உணரும் கட்டம் வந்தது. ரயிலிலேயே அதைப் படித்து அழுதிருந்தவர், குரலை மாற்றாமல் இரண்டு பக்கம் தள்ளி ஆரம்பித்தார்.

மாமனார் கண்ணை மூடியபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

“தாவிட்டியேம்மா.”

“இல்லை மாமா...”

“எனக்குக் கதை தெரியும். பின்னாடி போ.”

மருமகள் பக்கத்தைப் பின்னால் திருப்பினார்.