அலைவரிசையில் ஓர் உதவிக்கரம்

கோலா பிலா வட்டாரத் தோட்டப்புறங்களில் அடைமழையால் மின்சாரம் தடைபட்டுக் கைப்பேசியும் செயலிழந்தால், அவசரச் செய்தியை வெளியே அனுப்புவது எப்படி?

ஹாம் வானொலி அதற்கு ஒரு வழி. சிறிய கருவி, கார் பேட்டரி, கம்பி ஏரியல் ஆகியவை இருந்தால், கைப்பேசிக் கோபுரத்தின் துணையின்றியே தொலைவில் உள்ளவருடன் பேசலாம். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் உரிமம் பெற்றவர்களே இதனை இயக்கலாம். பொழுதுபோக்காக இதில் ஈடுபடும் இவர்கள், பேரிடர்க் காலத்தில் ஊதியமின்றி உதவுகின்றனர்.

இந்தியாவின் பாரதி பிரசாத் அவர்களுள் ஒருவர். அந்தமான் தீவுகளில் 1987க்குப் பிறகு ஹாம் வானொலி ஒலிக்கவில்லை. பாரதி விடாது முயன்று அனுமதி பெற்று, 2004 டிசம்பரில் போர்ட் பிளேரில் நிலையம் அமைத்தார். அந்த அரிய நிலையத்துடன் ஒருமுறையேனும் பேசிவிட உலகெங்கும் உள்ள ஹாம் வானொலியாளர்கள் காத்திருந்தனர்.

டிசம்பர் 26 காலையில் நிலம் அதிர்ந்தது. நம் பினாங்கு, கெடா கரைகளையும் தாக்கிய அதே ஆழிப்பேரலை அந்தமானைச் சூறையாடியது. தொலைபேசித் தொடர்புகள் துண்டிக்கப்பட்டன. பாரதி பொழுதுபோக்கு உரையாடலை உடனே நிறுத்தினார். தீவில் இருப்போரின் நலம் அறியாது தவித்த உறவினர்களுக்கு அவரது குழுவினர் வானொலிவழிச் செய்தி சேர்த்தனர்.

சுருக்கமாகப் பேசவும் பிறர் பேசும்போது பொறுமையாகக் கேட்கவும் அவர்கள் முன்பே பழகியிருந்தனர். அமைதியான நாள்களில் பெற்ற அப்பயிற்சியே ஆபத்து நாளில் பலருக்குக் கைகொடுத்தது.