விழுந்ததைச் சொல்லக்கூடிய வீடு

"தலையிலதானே ஆபரேஷன், காலுக்கு என்ன வந்துச்சு?" என் கணவருக்கு மூளையை மூடியிருக்கும் சவ்வில் வளர்ந்த கட்டியை எடுத்த பிறகு, பார்க்க வந்த உறவுக்காரர்கள் ஆளுக்கொரு தடவையாவது இதைக் கேட்டார்கள். புற்றுநோய்க் கட்டி இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். தையல் பிரித்தாயிற்று, பேச்சு தெளிவாக இருந்தது, சாப்பாடும் இறங்கியது. வலது கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

உடம்பின் ஒவ்வொரு பாகத்தையும் அசைக்க மூளையில் தனித்தனி இடம் உண்டு. கனடாவின் மான்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவை மருத்துவர், நோயாளி விழித்திருக்கும்போதே மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுப் பார்த்து அந்த இடங்களைக் குறித்து, 1937-ல் வெளியிட்டார். கைக்கும் முகத்துக்கும் உரிய இடம் மூளையின் பக்கவாட்டில் இருக்கிறது. காலுக்குரியதோ உச்சிக்கு நேர் கீழே, மூளையின் இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று பார்த்திருக்கும் உட்பக்கத்தில். இவருடைய கட்டி அந்த நடுச்சுவரில், இடது பக்கமாக இருந்தது. இடது மூளைதான் வலது காலை ஆட்டி வைக்கிறது. வீக்கம் வடிய வடிய, பலருக்கு வாரங்களிலோ மாதங்களிலோ பலம் திரும்பிவிடுகிறது. சிலருக்குக் கொஞ்சம் குறை தங்கிவிடுவதும் உண்டு.

மாத்திரைகளும் சேர்ந்துகொள்ளும். மூளை வீக்கத்துக்குத் தரும் டெக்சாமெத்தசோனை நாள்பட எடுத்தால் தொடைத் தசை வலுவிழக்கும். உட்கார்ந்த நாற்காலியிலிருந்து எழ முடியாது, இந்தியன் டாய்லெட்டில் குந்தினால் இன்னும் சிரமம். சர்க்கரையையும் ஏற்றிவிடும். அதற்காக நாமாக நிறுத்தவும் கூடாது, டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். வலிப்பு வராமலிருக்கத் தரும் மாத்திரைகளில் சில தலைசுற்றலும் தள்ளாட்டமும் தரும். படுத்தே கிடந்த உடம்பு சட்டென்று நின்றால் பிரஷர் இறங்கிக் கண் இருட்டும். இத்தனையும் ஒன்றுகூடி ஒரு மனிதரைத் தரையில் சாய்க்கின்றன. அதைக் கவனக்குறைவு என்று சொல்வது அநியாயம்.

விழுந்தவரைத் திட்டாதீர்கள். இந்த வயதில் நான் மற்றவர்களுக்குச் சொல்ல விரும்புவது இதைத்தான். முதல் தடவை அவர் ஹாலில் விழுந்தபோது எங்கள் மகன் பதறிப்போய், "கூப்பிட்டிருக்கக் கூடாதாப்பா? எத்தனை தடவை சொல்றது?" என்று சத்தம் போட்டான். பாசத்தில், பயத்தில் போட்ட சத்தம். ஆனால் அந்த வீட்டைக் கட்டி நிறுத்திய மனுஷர் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைத் திருப்பிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் விழவே இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் குளிப்பாட்டும்போது பார்த்தேன். இடுப்புக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு, நாவல்பழ நிறத்தில் கன்றிப்போயிருந்தது. ஓரமெல்லாம் மஞ்சள் பூத்திருந்ததால் அன்றைக்குப் பட்ட அடி இல்லை என்று தெரிந்தது.

"எப்ப விழுந்தீங்க?"

"அன்னிக்கு ஒருநாள் விடியக்காலைல. நீ அசந்து தூங்கிட்டிருந்தே. கட்டிலைப் பிடிச்சு நானே எழுந்துட்டேன். அவன்கிட்ட சொல்லிடாதே."

அந்தச் 'சொல்லிடாதே'தான் என்னை நடுங்க வைத்தது. வயதானவர்களுக்குத் தலையில் பட்ட அடி அன்றைக்கே தெரிய வேண்டும் என்பதில்லை. மூளைக்கு மேலே மெல்லக் கசியும் ரத்தம், வாரங்கள் கழித்துக்கூடத் தலைவலியாகவோ, குழப்பமாகவோ, கால் இன்னும் தளர்வதாகவோ வெளிப்படும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு ஆபத்து கூடுதல். விழுந்தது தெரிந்திருந்தால் டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார். மறைத்த வீட்டில், "ஆபரேஷன் அசதி" என்று படுக்கப் போட்டுவிடுவார்கள்.

ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். எங்கே, எத்தனை மணிக்கு, என்ன செய்யும்போது, அதற்கு முன் எந்த மாத்திரை என்று எழுதினோம். விழாமல் தடுமாறியதையும் சேர்த்தோம். அவரே சொல்வார், மகன்தான் எழுதுவான், யாரும் எதுவும் பேசக்கூடாது என்பது ஏற்பாடு. கொஞ்ச நாளில் நோட்டே காட்டிக்கொடுத்தது. பெரும்பாலும் விடியற்காலை, பாத்ரூமுக்கு எழும் நேரம். கட்டிலோரம் காலைத் தொங்கப் போட்டுக் கொஞ்சம் உட்கார்ந்து, கண் தெளிந்த பிறகு எழச் சொன்னோம். சிறுநீர் கழிக்க கேன் ஒன்றைக் கட்டிலுக்கு அருகே வைத்தோம். கால்மிதியை எடுத்தோம், இரவு விளக்கு போட்டோம், பாத்ரூம் சுவரில் ஸ்டீல் கம்பி பதித்தோம். வேட்டி நுனி தளர்ந்த பாதத்தில் மாட்டியது என்பதும் நோட்டில் இருந்தது. வேட்டியை விட அவர் மனம் நெடுநாள் ஒப்பவில்லை. அதை நான் வற்புறுத்தவும் இல்லை. வீட்டுக்குள் மட்டும் முழங்கால்வரை டிரவுசர் என்று அவரே ஒருநாள் முடிவு செய்தார்.

பிசியோதெரபி தம்பி சொல்லித் தந்தவை எல்லா வீட்டுக்கும் உதவும். கைத்தடி பலமான கையில். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தளர்ந்த கால் முதலில். விழுந்தால் உடனே தூக்கக் கூடாது. தலையில் பட்டதா, எங்கே வலிக்கிறது, கையும் காலும் அசைகிறதா என்று கேட்க வேண்டும். பலத்த வலி இல்லை என்றால் ஒருக்களித்து, முழங்காலிட்டு, உறுதியான நாற்காலியைப் பிடித்து, நல்ல காலை முன்னால் ஊன்றி அவரே எழட்டும். தளர்ந்த பக்கத்துக் கையைப் பிடித்து இழுத்தால் தோள் மூட்டு நழுவிவிடும். விழுந்த பின் வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல், வலிப்பு என்று எது வந்தாலும் 108-ஐக் கூப்பிட வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இன்னொன்று, நம் வீடுகளில் காலுக்குத் தைலம் போட்டு நீவிவிடுகிற பழக்கம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, வலித்து, சூடாக இருந்தால் தைலப் புட்டியை எடுக்காதீர்கள். உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். நீவினால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டியது அது.

விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் படுக்கையோடு ஒட்டிக்கொள்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். படுக்கப் படுக்கத் தசை கரையும், அடுத்த விழுதலுக்கு அதுவே வழி. என் கணவர் இப்போது ஒரு கையில் தடியும் மறுபக்கம் ஆள் துணையுமாகத் தெருமுனை வரை போகிறார். பாதம் இன்னும் லேசாக உரசுகிறது.

வெளியூரிலிருந்து போனில் பேசும் பிள்ளைகள் "பத்திரமா இருங்கப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறார்கள். அதற்கு "சரிப்பா" என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. "இந்த வாரம் எங்கயாவது தடுமாறினீங்களாப்பா?" என்று கேட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே எதுவும் சொல்லாமல் இருங்கள்.